வண்டியில் வந்த ஞானசுந்தரியின் குரல்

ஞானசுந்தரியை மருமகள் துரத்திவிட்டாள் என்று யார் சொன்னது? அப்படிச் சொன்ன வாயை என் எதிரே கொண்டுவந்து நிறுத்துங்கள். ரேஷன் கடை வரிசையில் செவ்வந்தி அந்தப் பேச்சை ஆரம்பித்தபோது நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவளைத்தான் கேட்டேன்.

"இன்னாடி செவ்வந்தி, நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன் யக்கா? ஊரே பேசுது. ஏஞ்சலு சோறு போடாம வெரட்டிட்டாளாம். இல்லாங்காட்டி இத்தினி வயசுக்கு மேல ஒருத்தி எதுக்குப் பெத்த புள்ள வூட்ட வுட்டுப் போவா?"

"எனக்கும் ஞானத்துக்கும் நடுவுல ஒரே செவுரு. அங்க மொளகா தாளிச்சா இங்க நான் தும்மிக்கினு கீறேன். எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அப்போ பிரசிடெண்டு திலகா ஆளுங்க அவளத் தங்க பக்கம் இழுத்துக்கினாங்கன்றாங்களே, அது?"

"அது ஒரு பொய்யி."

"புத்தகத்தப் படிச்சிப் படிச்சி மூள கலங்கிப்போச்சாமே?"

"அது மூணாவது பொய்யி. எதுனா ஒண்ணச் சொல்லுங்கடி. மூணும் ஒண்ணா எப்படி நடக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் நம்பவில்லை. அதனால்தான் சிட்டம்மாளாகிய நான், நடந்ததை நடந்தபடி சொல்லி என் பேத்தி இளமதியை எழுதவைக்கிறேன். ஞானசுந்தரி ஊரைவிட்டு எங்கும் ஓடவில்லை. இதே காலனியில், கோடி வீட்டில், எல்லம்மாளோடு இருக்கிறாள். தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இந்தக் கதைக்கும் ஒட்டில்லை.

ஞானசுந்தரி தென்னேரியில் பிறந்தவள். வெள்ளைக்காரர் கட்டிவைத்த பழைய ஆஸ்டலில் ஐந்தாவது வரை படித்தாள். எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நடவு தெரியாது, நாற்றைத் தலைகீழாகப் பிடித்தாள் என்று அவள் மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சில வருஷத்துக்குள் அந்த மாமியாரே அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்று நட்டாள். புருஷன் பாலாற்று மணலை லாரியில் ஏற்றுகிற வேலை செய்து, நெஞ்சில் தூசி கட்டி, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான். ஒரே பிள்ளை வசந்த்குமார். அவனை வளர்த்ததெல்லாம் கழனிச் சேற்றில்தான்.

எங்கள் நடவுக் கும்பலுக்கு அவளே தலைவி. அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கழனியில் இறங்கினால் எதிர்வரப்பு முட்டும்வரை ஒருத்தியையும் கரை ஏற விடமாட்டாள். பழையசீவரத்துப் பக்கம் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் எல்லோரும் மோட்டார் கொட்டகைக்கு ஓடினோம். அவள் மட்டும் குனிந்தபடியே நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய் ஞானம், வந்துடுடி, நாளைக்கி நட்டுக்கலாம்!" என்று நான் கத்தினேன்.

"பாதி நட்ட கழனியப் பாத்தா பாதி செரச்ச தல மாதிரி கீது யக்கா. எனக்குத் தூக்கம் வராது" என்றாள். இருட்டும்வரை நட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் காய்ச்சலில் படுத்தாள், அது வேறு.

எங்கள் காலனியில் சில வீடுகள் மாரியம்மனைக் கும்பிடும், சில வீடுகள் சர்ச்சுக்குப் போகும். நான் மாரியம்மன் பக்கம். ஆனாலும் வருஷத்தில் ஒருநாள் நானும் சர்ச்சு வாசலில் போய் உட்காருவேன். சம்பா நடவு ஓய்ந்த முதல் ஞாயிறு அது. அன்றைக்கு அங்கே முழு வாசிப்பு. வேதத்தின் கடைசிப் பாகம் இருக்கிறதே, உலகம் முடியும்போது என்னென்ன நடக்கும் என்று வரும் பாகம், அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே ஆள், ஒரே குரலில், நடுவில் நிறுத்தாமல் படிக்க வேண்டும். வெகுகாலமாக அதைப் படிப்பவள் ஞானசுந்தரிதான்.

கடலுக்குள்ளிருந்து ஏழு தலையும் பத்துக் கொம்புமாக ஒரு மிருகம் ஏறி வரும். கையிலோ நெற்றியிலோ அதன் முத்திரை இல்லாதவன் எதையும் வாங்க முடியாது, விற்க முடியாது. முத்திரை வாங்கியவன் மிருகத்தின் ஆளாகிவிடுவான். நட்சத்திரம் உதிரும். கேட்டால் எனக்கே பயமாக இருக்கும். ஆனால் போகப் போக அந்த மிருகம் விழுந்துவிடும். புதிதாக ஒரு பட்டணம் இறங்கி வரும். அங்கே சாமியே எல்லோருடைய கண்ணையும் துடைத்துவிடுவார். எல்லாம் முடிந்து கடைசியில், இதிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்தவனுக்கும், இதோடு ஒரு வார்த்தையைச் சேர்த்தவனுக்கும் என்ன கதி என்று வரும். அதனால் வாசிப்பு நடக்கும்போது யாரும் எழுந்து போவதில்லை. பிள்ளை அழுதாலும் மடியிலேயே வைத்து ஆட்டுவார்கள். பாதியில் எழுந்தவன் பயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

இந்த முறை வாசிப்புக்கும் ஊராட்சித் தேர்தலுக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான் இடைவெளி. தலைவியாக இருந்த திலகா மறுபடியும் நின்றாள். எதிர்த்து நின்றவர் புருஷோத்தமன். இரண்டு பேரும் ஊர்த்தெருக்காரர்கள், நிலம் நீச்சு உள்ளவர்கள். திலகா தன் காலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு தகடு அடித்திருந்தாள். அதில் ஒரு நம்பரும், எறும்பு மொய்த்தது போலக் கறுப்புக் கட்டமும் இருக்கும். போனை அதற்கு நேராகக் காட்டினால் வீட்டுவரி எவ்வளவு என்று வந்துவிடுமாம். நாங்கள் அதில் தோரணம் கட்டினோம், குடையை மாட்டினோம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

யோசித்தவன் வசந்த்குமார். அவன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். புருஷோத்தமனின் விளம்பர வேலை அந்தக் கடைக்குத்தான் வந்தது. தலைவரானால் ஊர் பஸ் நிறுத்தத்தில் இவனுக்கென்று ஒரு கடை பிடித்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். இந்த வருஷம் முழு வாசிப்பன்று அம்மாவின் எதிரே போனை வைத்து முழுவதையும் படம் பிடித்திருந்தான். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அனுப்ப என்றுதான் சொன்னான். அவளும் சம்மதித்தாள்.

எங்கள் பக்கத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும் முதலில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியிருக்கிற குடவோலையைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அப்புறம்தான் எதிராளியைத் திட்டுவார்கள். இந்த முறை குடவோலையும் இல்லை, நேராக உலக முடிவுதான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ காலனிக்குள் நுழைந்தது. முதலில் இடி இடித்தது. அதன் பிறகு ஞானசுந்தரியின் குரல். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவள் எப்போது ஆட்டோவில் ஏறினாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டு வாசலில் கையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதே குரல் போனில் படத்தோடு வந்தது. இளமதி காட்டினாள். எங்கள் ஏரி தெரிகிறது. அதற்குள்ளிருந்து திலகா எழும்பி வருகிறாள், ஏழு தலையோடு. நடுத்தலை அவளுடையது. பக்கத்தில் அவள் புருஷன், மாமனார், கொழுந்தன் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஏழாவது தலைக்கு ஆள் கிடைக்காமல் திலகாவுக்கே கறுப்புக் கண்ணாடி மாட்டி இன்னொரு முறை வைத்திருந்தார்கள். அப்புறம் வாசல் தகடு வரும், ரேஷன் கடை மெஷினில் வைக்கிற கட்டைவிரல் வரும். முத்திரை இல்லாதவன் வாங்கவோ விற்கவோ முடியாது என்று ஞானசுந்தரி சொல்லுவாள். அந்த இடத்தில் அவள் குரல் அறுந்துவிடும். ஒரு ஆம்பிளைக் குரல், புருஷோத்தமன் சின்னமான பூட்டு சாவிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று முடிக்கும்.

மாரியம்மன் கும்பிடுகிற வீடுகளுக்கு வேறு படம். கலி முற்றிவிட்டது என்று ஒரு சாமியார் பேசுவார். வெள்ளைக் குதிரையில் புருஷோத்தமன் வருவார், கையில் வாளுக்குப் பதில் ஆளுயரச் சாவி. குதிரையின் காலடியில் மிதிபடுவது அதே ஏழு தலை. கறுப்புக் கண்ணாடி உட்பட.

நான் சிரித்தேன், மறைக்கவில்லை. திலகாவும் அழவில்லை. வீடு வீடாக வந்து தலையைக் குனிந்து, "தொட்டுப் பாருங்கம்மா, கொம்பு கீதான்னு" என்றாள். சிலர் தொட்டும் பார்த்தார்கள். ஆனால் சர்ச்சு வீடுகளில் சிரிப்பு வரவில்லை. கடப்பாரை முனையை விட்டுத் தகட்டை நெம்பினார்கள். பையன்கள் அதை ஏரியில் சில்லு விட்டார்கள். அதுகூடப் போகட்டும், தகடுதானே.

எல்லம்மாள் ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அவளும் சர்ச்சுக்குப் போகிறவள், பெற்ற பிள்ளை இல்லை. கண் பார்வை மங்கி வெகுநாள் ஆகிறது. அரசாங்க அரிசிதான் அவளுக்குச் சோறு. மெஷினில் கைரேகை வைக்கமாட்டேன், வைத்தால் கடைசி நாளில் என்னை எந்தப் பக்கம் நிற்கவைப்பார்கள் என்று கேட்டாள். ஞானசுந்தரி என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"எல்லம்மாக்கா, தகடு வரிக்குப் போட்டது. மெஷினு அரிசிக்கு. வேதத்துல வர்றது அது இல்ல."

"நீதானே படிச்சே?"

"நான் படிச்சத வெட்டிட்டாங்க யக்கா."

"ஏண்டி, கண்ணுதான் போச்சி, காதுமா போச்சி? உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"கொரலு என்துதான்."

"அப்பால இன்னா?" எல்லம்மாள் பொறுமையாகத்தான் சொன்னாள். "தே பாரு ஞானம். நீ வேதம் படிக்கறப்போ பேசறது நீ இல்ல. அவரு பேசறாரு. இப்போ என்கிட்ட பேசறதுதான் நீ. நான் யாரு பேச்சக் கேக்கறது, சொல்லு?"

மறுநாள் ஞானசுந்தரி தன் வீட்டுச் சோற்றை எடுத்துப் போனாள். எல்லம்மாள் முகர்ந்து பார்த்து, "இது கை வெச்சி வாங்கின அரிசி, எனக்கு வாணாம்" என்று தட்டைத் தள்ளினாள். நான் கொடுத்த கேழ்வரகுக் கூழை மட்டும், எங்கே வாங்கியது என்று விசாரித்துவிட்டு, இரண்டு வாய் குடித்தாள். நாள் ஆக ஆகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு முற்றியது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, தானாகக் கேட்டது. பிள்ளையை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நைனா, அத்த எடுத்துடு."

"எத்த?"

"என் கொரல."

"யம்மா, அது எத்தினி போனுக்குப் போச்சோ! எங்கன்னு போயி எடுக்கறது?"

"அப்போ முழுசையும் போடு. மொதல்லருந்து கடைசி வரிக்கும்."

அவன் சிரித்தான். "எவன் கேப்பான் அவ்ளோ நேரம்? அர நிமிஷம் தாண்டினா தள்ளிட்டுப் போயிக்கினே இருப்பானுங்க."

"சர்ச்சுல கேட்டாங்களே."

"அங்க எழுந்து போவ முடியாது. கேட்டாங்க."

அப்புறம் அவன் குரல் இறங்கியது. "நீ படிக்காத வார்த்த ஒண்ணுனா நான் சேத்தேனா? சொல்லும்மா."

"சேக்கல. எடுத்துட்டே. அந்த மிருகம் கடைசில வியுதுடா. அத்த எடுத்துட்டே. கண்ணத் தொடச்சி வுடறாரு, அதயும் எடுத்துட்டே. எல்லம்மா வவுத்துக்கு இல்லாம படுத்துக்கினு கீறா. பயத்த மட்டும் வெட்டிக்கினு போயி உங்க ஐயாகிட்ட குடுத்துட்டே."

"மிருகம் வியுந்துட்டா அப்பால எலக்‌ஷனு எதுக்கும்மா?"

அவன் கெட்டவன் இல்லை. அதையும் எழுது இளமதி. பிறத்தியான் கடையில் பிறத்தியான் கம்ப்யூட்டரில் எத்தனை காலம் குனிந்திருப்பான்? சொந்தமாக ஒரு ஷட்டர் தூக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். வெட்டி ஒட்டியது இவன் என்று அம்மாவின் வாயாலேயே வெளியே வந்தால் கடையும் போகும், கேஸும் வரும். "பேஜார் பண்ணாதம்மா, எலக்‌ஷன் வரிக்கும் சும்மா இரு" என்று கெஞ்சினான். அவன் அழுததுகூட எனக்குக் கேட்டது.

வாலாஜாபாத்திலிருந்து வருகிற பாஸ்டருக்கு ஞானசுந்தரி போன் போட்டாள். இன்னொரு முழு வாசிப்பு வைக்கலாமா, எல்லம்மாளைத் தூக்கிவந்தாவது உட்காரவைக்கிறேன் என்று கேட்டாள். போனில் பேசினாலும் ஸ்பீக்கரைப் போட்டுக் கழனியில் கூப்பிடுவது போலத்தான் பேசுவாள், ஆகையால் இரண்டு பக்கத்துப் பேச்சும் தெருவுக்கே தெரியும்.

"இந்த நேரத்துல வாசிச்சா ஒரு பக்கத்துக்கு எதிரா வாசிச்சதா ஆயிடும் சிஸ்டர். ஓட்டு முடியட்டும்" என்றார் அவர்.

"அதுவரிக்கும் எல்லம்மா தாங்குவாளா பாஸ்டரே?"

"நான் ஜெபத்துல வெச்சிக்கறேன்."

பிரசாரம் முடிய ஒருநாள் இருக்கும்போது புருஷோத்தமனே காலனிக்கு வந்தார். தேர்தல் சமயத்தில் மட்டும் எங்கள் எல்லோருக்கும் அம்மா என்கிற பட்டம் கிடைக்கும். வீட்டுக்குள் வரவில்லை. ஏஞ்சல் வெளியே போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க குரலுக்கு ஊரே ஆடிப்போயிருக்குது ஞானசுந்தரியம்மா. நாளைக்கிக் கடைசி நாள். நீங்களே வண்டியில உக்காந்து நேரா மைக்ல படிச்சீங்கன்னா போதும்."

வசந்த்குமார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஞானசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"முழுசாப் படிக்கலாங்களா ஐயா?"

"எது முழுசா?"

"மொதல்லருந்து கடைசி வரிக்கும்."

அவர் நிஜமாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். வண்டி போக வேண்டிய தெருக்களையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது போல இருந்தது. "அவ்ளோ டைம் இல்லீங்களேம்மா. அந்த மிருகம் வர்ற பாகம் மட்டும் போதும்" என்றார்.

"சரிங்கையா" என்றாள் அவள்.

அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார். வசந்த்குமாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். நான் கழனியில் அவள் சொல்லும் 'சரி'யைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். மழை வருகிறது, ஏறு என்றால் அப்படித்தான் சரி என்பாள்.

மறுநாள் காலையில் ஞானசுந்தரி தலைக்குக் குளித்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வேதப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டாள். ஏஞ்சல் இட்லியைத் தூக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். துரத்திவிட்ட மருமகள் செய்கிற வேலையா அது? நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்த்குமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தான். "நாஷ்டா வண்டியில துன்னுக்கலாம்மா. ஆட்டோ வந்துக்கினே கீது, இங்கியே நில்லு" என்றான்.

"நான் ஆட்டோல வர்ல நைனா. எல்லம்மா வூட்டுக்குப் போறேன். முழுசும் படிக்கப் போறேன். அவ எழுந்து சோறு துன்னா, அடுத்த வூட்டுக்குப் போவேன். தகடு பேத்த வூடு எதெல்லாமோ அதுக்கெல்லாம் போவேன்."

"கேட்டா இன்னான்னு சொல்லுவே?"

"எதக் கேட்டா?"

"யாரு வெட்டினதுன்னு கேட்டா?"

அவள் அவனுடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்தாள்.

"கேட்டா சொல்லுவேன்" என்றாள். "பொய்யி சொல்லிட்டு அந்தப் புத்தகத்த எப்படித் தொறக்கறது?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "இப்பப் போனியான்னா, திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே. சொல்லிட்டேன். எனக்கு அம்மா இல்லன்னு நெனச்சிக்கறேன்."

"இன்னாங்க இது, வாயக் கழுவுங்க" என்று ஏஞ்சல் கத்தினாள். அவன் அவளையும் தள்ளிவிட்டு உள்ளே போனான். போனவன் வெளியே வரவில்லை.

ஏஞ்சல் தூக்கை நீட்டினாள். "அத்தே, வெயிலு ஏறதுக்குள்ள வந்துடு. அது கோவத்துல சொல்லுது."

"அவன் சொன்னா சொன்னதுதான், என் புள்ளயாச்சே" என்றாள் ஞானசுந்தரி. தூக்கை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "யக்கா, நீ வந்து ஒக்கார்றதுன்னா முடியற வரிக்கும் ஒக்காரணும். நடுவுல கூய் கிண்டணும் அது இதுன்னு எழுந்து போவக்கூடாது" என்றாள்.

"வரேன் போ" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். அப்போது ஆட்டோ தெருமுனை திரும்பியது. இடி இடித்தது, அவள் குரல் வந்தது. ஓட்டுகிறவன் அவளைப் பார்த்து ஹாரன் அடித்து வண்டியை மெதுவாக்கினான். அவள் ஓரமாக ஒதுங்கி வண்டிக்கு வழிவிட்டாள். அப்புறம் எல்லம்மாளின் கோடி வீட்டைப் பார்த்து நடந்தாள்.